காவிரி டெல்டாவுல கிணத்து நீர்மட்டம், வாய்க்கால் தண்ணி அளவு டேட்டாவை ஆராய்ச்சி பண்றவங்களுக்கு ஷேர் பண்ண எந்த சாஃப்ட்வேர் நல்லது?

கும்பகோணம் பக்கத்து கிராமங்கள்ல கிணறு, ஃபில்டர் பாயிண்ட் (ஆழம் கம்மியான குழாய்க் கிணறு), மதகு எல்லாத்துலயும் அளந்து எக்செல்ல ஏத்தி வெச்சிருக்கோம், இப்ப பல்கலைக்கழகத்துலேர்ந்து கேக்குறாங்க, எப்படி குடுக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

நேரா சொல்லிடறேன், அளவீடுகளை இணையம் வழியா ஒரே மாதிரி வடிவத்துல ஷேர் பண்ண சென்சார்திங்ஸ் ஏபிஐன்னு ஒரு சர்வதேச தரம் இருக்கு, அதுல ஓடுற சர்வர் ஒண்ணு போட்டுக்குங்க. அமெரிக்காவுல யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரங்க உருவாக்குற ஹைட்ரோசர்வர் தண்ணி டேட்டாவுக்குன்னே எழுதினது, ஓப்பன் சோர்ஸ், காசு கிடையாது, என் ஓட்டு அதுக்குத்தான். அது ஒத்து வரலைன்னா அதே தரத்துல ஓடுற, ஜெர்மனி ஃப்ரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃப்ராஸ்ட் சர்வர் இருக்கு.

எக்செல்லை அப்படியே டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பினா போதாதான்னு தோணும். போதாதுங்க. நான் கையில வாங்கிப் பாத்த ஒரு ஷீட்ல ஏப்ரல், மே மாசத்துக்கு நீர்மட்டம் 0, 0ன்னு வரிசையா இருந்துச்சு, கிணறு வத்திப்போச்சுன்னு அளந்தவரு 0 போட்டிருக்காரு, ஆனா ஷீட்ல அந்த நெடுவரிசைக்கு அர்த்தம் தரையிலேர்ந்து தண்ணி எத்தனை மீட்டர் கீழ இருக்குங்கறது, அப்ப 0ன்னா தண்ணி தரை மட்டத்துக்கு நிக்குதுன்னு ஆயிடுது, சென்னையில உக்காந்து கிராஃப் போடுற பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்? இன்னொண்ணு, ஒருத்தர் கிணத்துக் கைப்பிடிச் சுவர் மேலேர்ந்து டேப் விடுவாரு, அடுத்த மாசம் வர்றவரு தரையிலேர்ந்து அளப்பாரு, சுவர் முக்கால் மீட்டர்னா ஒரே மாசத்துல மட்டம் முக்கால் மீட்டர் ஏறிட்ட மாதிரி காட்டும், மழையே பெய்ஞ்சிருக்காது.

சென்சார்திங்ஸ்ல இதுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, அதுதான் எனக்குப் புடிச்சது. யூனிட் என்ன, எதை அளக்குறோம், எந்தக் கருவியில அளக்குறோம், எந்தக் கிணறு இல்ல மதகுன்னு சொல்லாம ஒரு டேட்டா வரிசையை ஆரம்பிக்கவே விடாது. அதோட கூடுதல் விவரமும் சேத்து வெக்கலாம், போர் ஆழம், எங்கேர்ந்து அளந்தது, மோட்டார் நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு. கடைசி விஷயத்தை விட்டுடாதீங்க, த்ரீ பேஸ் கரண்ட் வந்தவுடனே ஊரே மோட்டார் போடுற நேரத்துல எடுத்த அளவும் விடிகாலைல எடுத்த அளவும் ஒண்ணு இல்ல.

மதகு பக்கம் வேற சிக்கல். நம்ம ஊர்ல கன அடி, டிஎம்சின்னுதான் பேசுவோம், ஆராய்ச்சில கன மீட்டர் கேப்பாங்க, விநாடிக்கு 1 கன மீட்டர்ங்கறது ஏறக்குறைய 35.3 கன அடி. மாத்திக் குடுக்கணும்னு இல்ல, எந்த யூனிட்னு ஒழுங்கா எழுதினா போதும், மாத்திக்கறது அவங்க வேலை. தானா அளந்து பதியற டேட்டா லாக்கர் கருவி போட்டிருந்தா அதுல இருக்குற நேரம் இந்திய நேரமா, உலகப் பொது நேரமான்னு பாருங்க, அஞ்சரை மணி நேரம் தள்ளிப்போனா காலைல 8 மணி அளவு ராத்திரி ரெண்டரைக்கு போயிடும்.

அரசு டேட்டா இருக்கே, உங்களுது எதுக்குன்னு யாராவது கேட்டா மனசு விட்டுடாதீங்க. இந்தியா-டபிள்யூஆர்ஐஎஸ்ங்கற மத்திய அரசு நீர்வளத் தகவல் தளத்துல மத்திய நிலத்தடி நீர் வாரியம் கைல அளக்குற கிணறுகளோட மட்டம் பாக்கலாம், ஆனா அது பொதுவா வருஷத்துக்கு 4 தடவைதான். மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல தொறக்கும், அங்கேர்ந்து கல்லணை, அப்புறம் வெண்ணாறு, கிளை வாய்க்கால்னு தண்ணி போய்ச் சேந்தப்புறம் எந்தக் கிணத்துல எத்தனை நாள்ல மட்டம் ஏறுது, கடைமடைல ஏறுதா இல்லையாங்கறது வருஷத்துக்கு 4 அளவுல புடிபடாது, வாரா வாரம் எடுத்த உங்க நோட்டுலதான் இருக்கு. முறை வெச்சு தண்ணி விடுற வருஷம்னா இன்னும் முக்கியம், எந்தத் தேதில தண்ணி வந்துச்சு, எப்ப நிறுத்தினாங்கன்னு அதையும் ஏத்துங்க.

போடறதுக்கு முன்னாடி விவசாயிங்க பேரு, போன் நம்பர், சர்வே நம்பர் எல்லாம் எடுத்துடுங்க, கிணத்துக்கு ஒரு குறியீடு குடுத்தா போதும், கிணத்துக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டே செய்யுங்க. சாகுபடி முடிஞ்சதும் அந்த வருஷத்து டேட்டாவை ஒரு நகல் எடுத்து ஆராய்ச்சி டேட்டாவைச் சேத்து வெக்கிற ஜெனோடோங்கற இணையதளத்துல போட்டா, அதுக்குன்னு மாறாத அடையாள எண்ணா டிஓஐ நம்பர் கிடைக்கும், கட்டுரைல உங்க பேரைப் போட்டு மேற்கோள் காட்டுவாங்க. எல்லாக் கிணத்தையும் ஒரே நாள்ல ஏத்தாதீங்க, நல்லா தெரிஞ்ச ஒரு கிணறு, அதுக்குப் பக்கத்து மதகு, இது ரெண்டை மட்டும் முதல்ல ஏத்தி கேட்டவங்ககிட்ட குடுங்க, அவங்க என்ன குறையுதுன்னு சொன்னப்புறம் மத்ததை ஆரம்பிங்க.