ஐந்தே வகுத்தல்

கேள்வி: 4294967297 பகா எண் அல்ல, 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்று ஆய்லர் கண்டுபிடித்ததைப் பெரிய சாதனையாகப் போன இதழில் எழுதியிருந்தீர்கள். என் செல்போன் இதை ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது. வெறும் வகுத்தல் கணக்குக்கு இத்தனை பாராட்டு தேவையா?

பதில்: போன் சொன்னது சரி. ஏன் 641 என்று சொன்னதா? ஆய்லர் அதைச் சொன்னார்.

இந்த எண் ஒரு வரிசையில் ஆறாவது: 3, 5, 17, 257, 65537. ஒவ்வொன்றிலும் 1 கழித்து, வர்க்கம் எடுத்து, மறுபடி 1 கூட்டுங்கள், அடுத்தது வரும். முதல் ஐந்தும் பகா எண்கள். இப்படி வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1729-இல் கோல்ட்பாக் கடிதம் எழுதி ஆய்லரிடம் இதைக் கேட்டார். 1732-இல் ஆய்லர் கொடுத்த விடை: 641 × 6700417.

நீங்கள் சொல்கிற ‘வெறும் வகுத்தல்’ எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வருகிறது. அதற்குள் 6542 பகா எண்கள் இருக்கின்றன. காரணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாதவர் அத்தனையையும் வகுத்துப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆய்லர் பின்னால் விளக்கி எழுதிய வழியோ வேறு. இந்த எண்ணுக்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும் என்று அவர் நிரூபித்தார். அந்த மாதிரிப் பகா எண்களை வரிசையாக எழுதுங்கள்: 193, 257, 449, 577, 641. அவ்வளவுதான், ஐந்தாவது வகுத்தலில் மீதி இல்லை! கையால் செய்தாலும் ஒரு மாலைப்பொழுது போதும்.

இந்த நிரூபணத்துக்கு அடிப்படை ஃபெர்மாவே கண்டுபிடித்த தேற்றம். சாவி அவர் கையிலேயே இருந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

இன்னொன்று, நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். 640 என்பது 5 × 128. அதை 641-ஆல் வகுத்தால் ஒன்று குறைகிறது, அதாவது மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. ஆக, 5-இன் 4-ஆம் அடுக்கை 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. அப்புறம், 641 என்பது 625 + 16 என்பதால் 5-இன் 4-ஆம் அடுக்குக்குப் பதிலாக −16 போடலாம். இப்போது 2-இன் 32-ஆம் அடுக்குக்கு மீதி −1. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் நம் 4294967297, மீதி பூஜ்யம். பெரிய வகுத்தல் எதையும் நாம் செய்யவே இல்லை, கவனித்தீர்களா?

சரி, வேகமான கருவி இருந்தால் போதும் என்கிறீர்கள். இதே வரிசையில் 2-இன் 1048576-ஆம் அடுக்குடன் 1 கூட்டி வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 315653 இலக்கங்கள். அது பகா எண் அல்ல என்று 1987-இல் உறுதியாகிவிட்டது. 3-ஐ அடுக்கேற்றி மீதியைப் பார்க்கும் பெப்பின் சோதனையே அதற்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட இன்றுவரை எந்தக் கணினியும் கண்டுபிடிக்கவில்லை.