லாக்டிக் அமிலத்தின் மீது ஏன் இந்தப் பழி?

கேள்வி: முழு வேகத்தில் ஓடினால் பத்து விநாடிக்கு மேல் அந்த வேகம் நிற்பதில்லையே, ஏன்?

பதில்: தசையில் கையிருப்பாக உள்ள ஏடிபி, அதாவது தசை நேரடியாகச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு, இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். அதை உடனுக்குடன் ஈடுகட்டுவது பாஸ்போகிரியேட்டின் என்ற இன்னொரு சேமிப்பு. அதுவும் பத்து விநாடியில் பெரும்பாலும் கரைந்துவிடும். திரும்ப நிறைய மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அந்த இடைவெளியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஓட்டத்துக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: ஸ்குவாட் செய்த மறுநாள் தொடையெல்லாம் வலி. தேங்கிய லாக்டிக் அமிலத்தை எப்படி வெளியேற்றுவது?

பதில்: வந்த கடிதங்களில் பாதி இதையே கேட்கின்றன. தசை வலிக்கும் களைப்புக்கும் லாக்டிக் அமிலமே காரணம் என்ற இந்தப் பழி, எத்தனை முறை எழுதினாலும் ஓயவில்லை. வெளியேற்ற அங்கே எதுவும் இல்லை! பயிற்சியில் ஏறிய லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் வலிக்குக் காரணம், தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். நீங்களே சோதித்துப் பாருங்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும், லாக்டேட் கூடும். இறங்கும்போது இரண்டும் குறைவு. ஆனால் பழக்கமில்லாத காலுக்கு மறுநாள் அதிகம் வலிப்பது இறங்கியதால்தான்.

1907இல் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானிகள் களைத்த தவளைத் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்திருப்பதைக் காட்டினார்கள். அங்கே இருந்ததாலேயே அது குற்றவாளி ஆகிவிட்டது. மெக்ஆர்டில் நோய் உள்ளவர்களின் தசையால் கிளைகோஜனை, அதாவது சேமித்து வைத்த சர்க்கரையை, உடைக்க முடியாது. அதனால் உழைக்கும்போது அவர்களுக்கு லாக்டேட் கூடுவதே இல்லை எனலாம். பழி உண்மையானால் அவர்களுக்குக் களைப்பே வரக்கூடாது. வருகிறது, நம்மைவிட வெகு சீக்கிரமாக.

லாக்டேட் எரிபொருள். இதயம் அதை எரிக்கிறது, கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸ் ஆக்குகிறது. கடும் பயிற்சியில் கூடும் ஹைட்ரஜன் அயனிகளுக்குத் தசை எரிச்சலில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாஸ்போகிரியேட்டின் உடையும்போது சேரும் பாஸ்பேட்டை யாரும் கேட்பதில்லை. தசையைச் சுருக்கும் புரதங்களில் மயோசின் ஆக்டினை இறுகப் பற்றவிடாமலும், சுருக்கத்தைத் தூண்டும் கால்சியம் போதிய அளவு வெளிவரவிடாமலும் தடுப்பது அதுதான்.

வலி சில நாளில் தணியும். சிறுநீர் கரும்பழுப்பாகப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: இரண்டு மணி நேர ஓட்டத்தின் கடைசியில் கால் இரும்பாகிவிடுகிறது.

பதில்: கிளைகோஜன் தீர்ந்துவிட்டது. தசையில் சுமார் 400 கிராம், கல்லீரலில் 100 கிராம், அவ்வளவுதான் சேமிப்பு. ஓடும்போதே மாவுச்சத்து எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் வேகத்தை அடக்குங்கள்.

கேள்வி: எப்போதும் களைப்பாக இருக்கிறது. காரணம் என்ன?

பதில்: வயது, தூக்கம், என்ன பயிற்சி, எத்தனை நாளாக என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட்டு விவரமாக எழுதுங்கள்.

கேள்வி: களைப்பு தசையிலா, மனத்திலா?

பதில்: இரண்டிலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய உடலியல் அறிஞர் ஆஞ்செலோ மொஸ்ஸோ, நடுவிரலில் கயிறு கட்டி எடையை இழுக்கச் செய்து, ஒவ்வோர் இழுப்பின் உயரத்தையும் பதிவு செய்தார். நெடுநேரம் தேர்வு நடத்திவிட்டு வந்த ஆசிரியரின் விரல், அன்று எடை எதையும் தொடாதிருந்தும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஓய்ந்தது. மூளை தசைக்கு அனுப்பும் கட்டளையே தளர்ந்துவிடுகிறது. சர்க்கரைக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பினாலே சைக்கிள் வீரர்களின் வேகம் சற்றுக் கூடுவதும் இதனால்தான்; வயிற்றுக்குள் ஒரு துளிகூடப் போவதில்லை.

கேள்வி: நேற்று முதல்முறையாகக் கடும் பயிற்சி. இன்று கை வீங்கியிருக்கிறது, சிறுநீரும் கறுத்திருக்கிறது. எத்தனை நாள் ஓய்வு எடுக்கலாம்?

பதில்: மேலே சொன்னதையே மீண்டும் சொல்கிறேன். இது ஓய்வில் தீர்வதல்ல. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கடிதம் எழுதிய நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். இப்போதாவது போங்கள்.