வீட்டுக் கொய்யாவில் புழு: பொறி வைத்தும் ஏன் போகவில்லை?

பொறியில் பழ ஈ குவியலாகச் செத்துக் கிடக்கிறது, ஆனாலும் பறிக்கிற கொய்யாவில் எல்லாம் புழு, இனி மருந்து அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்து வேண்டாம். பொறியின் மேலும் பழி போடாதீர்கள். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அந்த வேலையால் வீட்டில் நிற்கும் ஒற்றை மரத்துக்குப் பெரிய பயன் இல்லை, அவ்வளவுதான்.

அதில் விழுவதெல்லாம் ஆண் ஈ. உள்ளே இருக்கும் கட்டையில் ஊறியிருப்பது ஆண் ஈயை இழுக்கும் மணப்பொருளான மெத்தில் யூஜினால். பெண் ஈ அதன் பக்கம் போவதில்லை. காயைக் குத்தி முட்டை வைப்பதோ பெண். அடுத்த தெரு மாமரத்தில் இணை சேர்ந்துவிட்டு, முட்டை வைக்க மட்டும் உங்கள் மரத்துக்கு வருகிற ஈயை இந்தப் பொறி என்ன செய்துவிட முடியும்?

இந்த மணம் ஆண் ஈயை இழுக்கும் என்று கண்டுபிடித்ததே நம் நாட்டில்தான். பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஹௌலெட் என்று ஒரு பூச்சியியலாளர் இருந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் கொசு வராமல் இருக்கச் சிட்ரோனெல்லா எண்ணெயைக் கைக்குட்டையில் தடவிக்கொள்ள, கொசுவுக்குப் பதிலாகப் பழ ஈக்கள் வந்து மொய்த்தனவாம். பார்த்தால் அத்தனையும் ஆண். 1912-இல் அதை எழுதிய ஹௌலெட், எண்ணெயில் இருக்கும் எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடி 1915-இல் மெத்தில் யூஜினாலில் வந்து நின்றார். துளசியிலும் இது உண்டு. துளசியைக் கசக்கி ஈப்பொறியில் போடும் பழக்கம் வந்தது அதனால்தான்.

ஆண்களை மட்டும் கொன்றே பழ ஈயை ஒழித்த இடமும் இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில், பசிபிக் கடலில் ரோட்டா என்ற சின்னத் தீவில். ஆனால் அங்கே இந்த மணப்பொருளும் நஞ்சும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தீவு முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சுற்றிலும் கடல், வெளியிலிருந்து புதிய ஈ எளிதில் வர வழியில்லை. உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பது காம்பவுண்டுச் சுவர். மிச்சமிருக்கும் ஓர் ஆண் ஈயே பல பெண்களோடு சேரும் என்பதால், பாதி ஆண்கள் செத்தால் பாதிப் புழு குறையும் என்ற கணக்கும் இங்கே எடுபடாது. தெருவில் மரம் வைத்திருக்கிற எல்லாரும் சேர்ந்து பொறி கட்டினால் வித்தியாசம் தெரியும். தனியாக வைத்தால் ஈ நடமாட்டம் தொடங்கிவிட்டதா என்று பார்க்க உதவும்.

வீட்டு மரத்துக்கு உறுதியான வழி பை கட்டுவது. காய் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து, இன்னும் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும்போதே கட்டிவிட வேண்டும். ஈ பெரும்பாலும் தேடி வருவது முற்றி நிறம் திரும்பும் காயை. மஞ்சள் தட்டின பிறகு கட்டினால் முட்டையையும் சேர்த்துப் பத்திரமாகப் பொதிந்து வைத்ததாகிவிடும். தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றி லேசாக அமுங்கினால் அந்தக் காய் போயிற்று, அதற்குப் பை வீண்.

எந்தப் பை என்றால், இப்போது கடைகளில் கொடுக்கிற மெல்லிய நான்-ஓவன் துணிப்பை நன்றாக இருக்கிறது. காற்று போகும், மழைக்குத் தாங்கும், அடுத்த காய்ப்புக்கும் ஆகும். செய்தித்தாள் வெயில் காலத்துக்குச் சரி, ஒரு மழையில் கரைந்துவிடும். பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளே வியர்த்துக் காய் அழுகும். அடியில் ஓட்டை போட்டே ஆக வேண்டும், அந்த ஓட்டை வழியே ஈ போகாமலும் இருக்க வேண்டும். எதற்கு வம்பு? வாயைக் காம்போடு சேர்த்து இடைவெளி இல்லாமல் கட்டுங்கள், பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். அணில் பையையே கடித்துக் கிழிக்கும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, நாலு பழம் அதன் பங்கு என்று விட்டுவிட்டேன்.

எல்லாக் காய்க்கும் கட்ட முடியுமா என்பீர்கள். முடியாது. கைக்கு எட்டுகிற உயரத்தில் மரத்தை வெட்டி வையுங்கள். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும், கவாத்து செய்தால் கோபித்துக்கொள்ளாது. நெருக்கமாக இருக்கும் பிஞ்சில் சிலதை உதிர்த்துவிட்டு மிச்சத்துக்குக் கட்டுங்கள்.

இதோடு கூடவே செய்ய வேண்டியது கீழே விழுந்த பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்குவது. உள்ளே வளர்ந்த புழு வெளியே துள்ளி வந்து, மண்ணுக்குள் சில அங்குல ஆழத்திலேயே கூட்டுப்புழு ஆகிறது. நம் ஊர் வெப்பத்தில் பத்து நாள் வாக்கில் ஈயாகிக் கிளம்பிவிடும். பெண் ஈ ஒன்று வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டை வைக்கக்கூடியது. பொறுக்கின பழத்தைக் குப்பைக்குழியில் போடாதீர்கள், மேலாக மண்ணைத் தள்ளி மூடினாலும் விதைத்த மாதிரிதான். தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, மொட்டை மாடி வெயிலில் சில நாள் கிடக்கவிட்டால் உள்ளேயே வெந்துவிடும். ஆடு மாடு இருந்தால் உடனே போட்டுவிடலாம். மரத்தடி மண்ணை அவ்வப்போது கொத்திவிடுங்கள். கோழி வளர்க்கிறவர்களுக்கு அந்த வேலையும் மிச்சம்.

மருந்து ஏன் வேண்டாம் என்றால், புழு இருப்பது சதைக்குள். மேலே தெளிப்பது அதைத் தொடாது. உள்ளே ஊடுருவுகிற மருந்து என்றால் அதை நாமும் பழத்தோடு தின்ன வேண்டும், அதுவும் பறிக்கப் போகிற நேரத்தில். வேப்பெண்ணெய் ஈயை ஓரளவு தயங்க வைக்கும், உள்ளே போன புழுவைக் கொல்லாது.

சமையலறை வாழைப்பழத்தில் மொய்க்கிற பொடி ஈக்கு வினிகர் கிண்ணம் வைப்பார்களே, அதை மரத்தில் கட்டச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அது வேறு ஈ. இது கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவில், பழுப்பும் மஞ்சளுமாக, குளவிச் சாயலில் இருக்கும்.

மாதுளையும் வைத்திருக்கிறீர்களா? அதில் ஓட்டை போட்டு எச்சம் தள்ளுவது பழ ஈ இல்லை, ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. அந்த வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலுமே முட்டை வைத்துவிடும். அதனால் அங்கே எலுமிச்சை அளவு வரை காத்திருக்காமல், பிஞ்சு பிடித்ததுமே பையைக் கட்டிவிடுங்கள்.