அண்ணாச்சி, மொழி படிக்க மட்டும் யார் காசு தருவார்கள்?

2018-ல் தைவான் அரசின் ஹுவாயு உதவித்தொகையில் ஆறு மாதம் தைபேயில் சீன மொழி படித்துவிட்டு வந்தேன். அதிலிருந்து நெல்லைச் சீமையில் யாருக்கு வெளிநாட்டில் மொழி படிக்கும் ஆசை வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மாலை எல்லோருமாக உட்கார்ந்து பேசியபோது வந்த கேள்விகள் இவை.

அம்பாசமுத்திரம், பி.எஸ்சி. மாணவர்: தலைப்பில் இருப்பதுதான் என் கேள்வி, அண்ணாச்சி.

தருகிறார்கள் தம்பி, ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. ஹுவாயுவுக்கு பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். சீனத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் போகலாம். சென்னையில் இருக்கும் தைபே பொருளாதார பண்பாட்டு மையம் வழியாக, பிப்ரவரி, மார்ச்சில் விண்ணப்பம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் கோடைகால மொழி வகுப்புக்குப் பணம் தருகிறது. அதற்கு இளங்கலையில் இரண்டு ஆண்டு முடித்திருக்க வேண்டும், ஜெர்மன் பி1 அளவுக்கு, அதாவது நடுத்தர நிலைக்கு, கைவந்திருக்க வேண்டும். ஜப்பான் கல்வி அமைச்சகமான மெக்ஸ்ட் தரும் ஓராண்டு மொழி உதவித்தொகை, கல்லூரியில் ஜப்பானியத்தையே முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு. கெமிஸ்ட்ரிக்காரர் அந்தப் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகை பட்டப்படிப்புக்கானது என்றாலும் முதல் ஓராண்டு முழுக்க மொழிதான். கொரிய மொழித் திறன் தேர்வான டோபிக்கில் மூன்றாம் நிலை எட்டினால்தான் மேலே போக முடியும். பயப்பட வேண்டாம். கொரியத்திலும் ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். இங்கிலீஷ்காரர் முழிக்கும் இடத்தில் நமக்குப் பழகிய தெருவில் நடப்பது மாதிரி இருக்கும்.

முக்கூடல் இளைஞர்: மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

முடியாது. நான் போனபோது மாதம் 25,000 தைவான் டாலர், அன்றைக்கு நம் காசுக்கு ஐம்பத்தைந்தாயிரம் போல. கேட்கப் பெரிசாக இருக்கும். விமான டிக்கெட் நம் செலவு, மொழி மையத்தின் கட்டணமும் அதிலிருந்துதான். மூன்று மாதப் பருவத்துக்கான கட்டணம் ஏறக்குறைய ஒரு மாதத் தொகையை விழுங்கிவிடும். முதல் பணம் வருவதற்கு முன்பே அறைக்கு முன்பணம் கேட்பார்கள். கையில் ஒன்றரை லட்சமாவது இல்லாமல் கிளம்பாதீர்கள். வகுப்புக்கு மட்டம் போடவும் கூடாது: ஒரு மாதத்தில் காரணமில்லாமல் 12 மணி நேரத்துக்கு மேல் போகாவிட்டால் ஒரு மாதப் பணம் நின்றுவிடும்.

திசையன்விளை மாணவி: 'ஏன் படிக்க விரும்புகிறாய்' என்ற கடிதத்தில் என்ன எழுதுவது?

முதல் தடவை நான் எழுதியதைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. "சீனா வளர்ந்துவரும் வல்லரசு, ஆகவே சீன மொழி கற்க ஆசை" என்று தொடங்கினேன். அனுப்பியது தைவானுக்கு! பெய்ஜிங்கைப் புகழ்ந்து தைபேயில் காசு கேட்டால் யார் தருவார்? அந்த வருடம் கிடைக்கவில்லை.

மறு வருடம் நம் ஊரிலிருந்தே தொடங்கினேன். சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் காலத்தில் சீனத் தூதர்கள் இந்தக் கரைக்கு வந்துபோன செய்தி, அவர் வம்சத்தின் வரலாற்று நூலான யுவான் வரலாற்றில் இருக்கிறது; மாபார் என்று குறித்திருக்கிறார்கள். மார்க்கோ போலோ சொல்லும் காயல் துறைமுகம் என் அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம். அந்தக் குறிப்புகளை மூலத்திலேயே வாசிக்க வேண்டும், அவை பழைய முழு எழுத்தில் உள்ளவை, சீனாவில் எழுத்தைச் சுருக்கிவிட்டார்கள், தைவானில் இன்றும் அதே எழுத்தில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது, அதனால் தைவான் என்று எழுதினேன். அவ்வளவுதான், ஒரு பக்கம். ஏன் இந்த மொழி, ஏன் அந்த நாடு, திரும்பி வந்து என்ன செய்வாய் என்ற மூன்றுக்கும் உன் ஊரை வைத்துப் பதில் சொல்ல முடியுமா என்று பாரும்மா. 'சிறு வயது முதலே எனக்கு மொழிகள் மீது ஆர்வம்' என்ற வரியை மட்டும் அடித்துவிடு.

களக்காடு மாணவி: பெயரில் குழப்பம், அண்ணாச்சி. மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி.

இதில் விழுந்தவர்கள்தான் அதிகம். இசக்கியம்மாள் என்ற பெயரைப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஆங்கில 'ஈ' போட்டுத் தொடங்கியிருப்பார்கள், ஆதாரில் 'ஐ' போட்டு. ஒரு 'எம்' கூடுதலாக இருக்கும். போதாக்குறைக்கு இனிஷியல். வெளிநாட்டுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்கள் பிறகு படிவத்துக்குப் படிவம் அல்லாடுகிறார்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு வாங்கிவிடுங்கள். நம் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே வேலை முடிந்துவிடும். அப்புறம் எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து.

தென்காசி ஆசிரியர்: சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும்தானே?

அப்போஸ்டில் என்பது ஓர் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஒன்றன் சான்றிதழை ஒன்று ஏற்க வைக்கும் முத்திரை. கொரியாவுக்கு அது போதும் சார். தைவான் அந்த உடன்படிக்கையில் இல்லை; அங்கே கேட்கும் சான்றிதழ்களுக்கு நம் வெளியுறவுத் துறையில் சான்றொப்பம் வாங்கி, பிறகு சென்னையில் முன்பு சொன்ன தைபே மையத்திலும் முத்திரை வாங்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னால் கல்லூரியில் மதிப்பெண் தொகுப்பு வாங்க வேண்டும் பாருங்கள், அதுதான் பெரிய மலை. நான் ஆறு வாரம் நடந்தேன். ஒரு நாள் கிளார்க் லீவு, ஒரு நாள் சீல் பீரோவுக்குள், சாவி ஊருக்குப் போயிருந்தது. தீபாவளி முடிந்த கையோடு கல்லூரியில் அதற்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

நாங்குநேரி நர்ஸிங் மாணவி: ஜெர்மனுக்குச் சென்னைதான் போக வேண்டுமா?

வேண்டாம். திருவனந்தபுரத்தில் ஜெர்மன் சொல்லித்தரும் கோதே மையம் இருக்கிறது, உங்களுக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். தேர்வும் அங்கேயே எழுதலாம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.க்கு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகலாம்.

பேட்டை, ஒரு அப்பா: முப்பதாயிரம் கொடுத்தால் உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறாரே தம்பி?

கொடுக்காதீர்கள் அண்ணாச்சி.

மேலப்பாளையம், ஒரு அம்மா: தைபேயில் பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?

தைபே பெரிய பள்ளிவாசல் பல்கலைக்கழகங்கள் இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தில் ஹலால் கடையும் கிடைக்கும். சைவக்காரர்களுக்கும் கவலையில்லை, பௌத்தர்களின் சைவ ஓட்டல்கள் நிறைய. இறைச்சி கலந்த எதையும் ஊரிலிருந்து பையில் வைத்து அனுப்பிவிடாதீர்கள், விமான நிலையத்தில் போடும் அபராதம் தலை சுற்றும்.

அவருடைய மகன்: அல்வா?

நான் ஒரு கிலோ கொண்டுபோனேன். முதல் வார வகுப்பில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தபோது ஆசிரியை இது எதில் செய்தது என்று சீனத்தில் கேட்டார். கோதுமைப் பால் என்று சொல்லத் தெரியாமல் போர்டில் ஒரு கதிரை வரைந்தேன். அவர் பக்கத்தில் 'ஷியாவ்மாய்' என்று எழுதிக் காட்டினார். அதை மட்டும் இன்றுவரை பார்க்காமல் எழுதுவேன்.