நோட்டு காலி, படிப்பும் காலியா?

கேள்வி: மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சின்னப் பள்ளி. மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், ஒரே டீச்சர். நோட்டில் பாதிப் பக்கம் காலி. "இன்னைக்கு என்ன படிச்சே?" என்றால், "குச்சி எண்ணினோம்" என்கிறாள். பெரிய பள்ளியில் படிக்கும் என் அண்ணன் மகளுக்கோ மாதம் ஒரு நோட்டு தீர்கிறது. பள்ளியை மாற்றிவிடலாமா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, அவசரப்படாதீர்கள். குச்சி எண்ணினார்கள் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நானும் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள்தான். என் வகுப்பில் ஒரு பையன். முத்து முத்தான கையெழுத்து, 1 முதல் 200 வரை ஒரு தப்பில்லாமல் எழுதுவான். ஒருநாள் 'நூற்று இருபத்தைந்து' என்று சொல்லி எழுதச் சொன்னேன். 10025 என்று எழுதினான். காதில் விழுந்தபடியே நூறை எழுதி, பக்கத்தில் இருபத்தைந்தை ஒட்டிவிட்டான். அத்தனை நாளும் பழக்கத்தில் கை ஓடியிருக்கிறது, இடமதிப்பு மனதில் ஏறவே இல்லை. பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய கட்டாக்கி, ஒரு பெரிய கட்டு, இரண்டு சின்னக் கட்டு, ஐந்து உதிரிக் குச்சி என்று அவனே தரையில் வைத்த பிறகுதான் 125 பிடிபட்டது. தமிழில் தொண்ணூறு வேறு 'நூறு' போலவே ஒலித்துப் பிள்ளைகளைக் குழப்பும். ஒன்பது கட்டுகளை எண்ணிய பிள்ளை அதிலிருந்து சீக்கிரம் தெளிந்துவிடும்.

அப்புறம், ஒரே அறையில் மூன்று வகுப்பு என்பதைப் பற்றி. மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பதை உங்கள் மகள் தினமும் கேட்கிறாள். நாளை ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தனக்கு எது புரியவில்லை என்பது அவளுக்கே தெரியவரும். இது புதிதும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்து, மாணவர்களையே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். பிறகு அது இங்கிலாந்துக்குப் போனபோது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். பெரிய பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சின்னப் பிள்ளை புரியாமலே ஒப்பிக்கும். கெட்டிக்காரப் பிள்ளை சட்டாம்பிள்ளையாகவே நின்று, தன் பாடத்தைக் கோட்டைவிடும்.

அதனால் வீட்டில் பரீட்சை மாதிரி இல்லாமல், விளையாட்டாகப் பாருங்கள். அவள் இதுவரை பார்க்காத ஒரு கதைப் பக்கத்தைக் கொடுங்கள். முதல் வரியை விட்டு நடுவில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடம் அங்கே உதவாது. 42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்றால், 2-இலிருந்து 7 போகாதென்று 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறாள். திட்டாதீர்கள், அந்த வயதில் சகஜம். நான்கு கட்டும் இரண்டு உதிரியும் எடுத்து, ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள், அவளே கண்டுபிடிப்பாள். டீச்சரிடமும் சொல்லுங்கள்.

அவரிடம் நோட்டு ஏன் நிறையவில்லை என்று கேட்க வேண்டாம். "நீங்கள் மற்ற வகுப்போடு இருக்கும் நேரத்தில் இவள் என்ன செய்வாள்?" என்று கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் பள்ளியை மாற்றவே வேண்டாம். "சும்மா உட்கார்ந்திருப்பாள்" என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மாற்றுவதைப் பற்றி அப்போது பேசலாம்.