பிரைவேற்றில் காட்டினாலும் மிட்வைஃபிடம் பதியுங்கள்

கேள்வி: மனைவிக்கு மூன்றாம் மாதம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கிறோம். பிரைவேற்றில் பெரிய டொக்டரிடம் காட்டுகிறோம், பேறு மட்டும் அரசாங்க ஆஸ்பத்திரியில். எங்கள் பகுதி அரசாங்க மிட்வைஃபிடமும் (மருத்துவ மாது) பதிய வேண்டுமா? 25,000 ரூபா தந்தால் லேபர் றூமில் ஒரு நேர்ஸ் பக்கத்திலேயே நிற்க ஒழுங்கு செய்வதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? கார்த்திகையில் பேறு. அதற்கு முதல் மாதம் மனைவி நெடுந்தீவில் தாய் வீட்டுக்குப் போக ஆசைப்படுகிறா.

பதில்: (ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி)

தம்பி, இந்தக் கிழமையே பதியுங்கள். எட்டுக் கிழமைக்குள் பதிந்திருக்க வேண்டும், பிந்திவிட்டது, பரவாயில்லை. உங்கள் பகுதி மிட்வைஃப் யார் என்று எம்.ஓ.எச். ஒஃபிஸில் (சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை) கேட்டால் சொல்வார்கள். காசு ஒரு சதமும் இல்லை.

டொக்டர் மாதத்தில் ஒருக்கால் பத்து நிமிடம் பார்ப்பார். வரிசையில் உங்கள் நம்பர் 37 என்றால் அதுவும் இல்லை. மிட்வைஃப் வீட்டுக்கே வருவா. வந்தால் இரும்புக் குளிசைப் பக்கெற்றை எடுத்து எண்ணுவா. முப்பது கொடுத்ததில் இருபத்தெட்டு மிச்சம் கிடந்தால் பிடிபட்டுவிடும். தேத்தண்ணியோடு விழுங்குகிறீர்களா என்றும் கேட்பா, தேயிலை இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஸ்கான் மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது.

மிட்வைஃப் எழுதித் தரும் எச் 512 என்ற கர்ப்பிணிப் பதிவு அட்டையை டொக்டரிடம் போகும்போதும் கொண்டுபோய், பிரஷரையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சிலர் தங்கள் சொந்தக் கொப்பியில்தான் எழுதுவார்கள். இரவு இரண்டு மணிக்கு வாட்டில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கொப்பியால் என்ன பிரயோசனம்? இத்தனை வருடமாகியும் பிரைவேற்றும் அரசாங்கமும் ஒரே அட்டையில் எழுதுவதற்கு ஒரு வழி செய்ய முடியவில்லை.

பேறு முடிந்த பிறகுதான் மிட்வைஃபின் அருமை தெரியும். முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவை வருவா. எங்கள் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்கு அரைத்து வைக்கும் சரக்குக் கறியை வடிவாகக் கொடுப்பார்கள், தண்ணியை மறித்துவிடுவார்கள். சரக்குக் கறியில் பிழையில்லை, தண்ணி மறிப்பதுதான் பிழை. சலம் கடும் மஞ்சளாகப் போகும், உடம்பு காயும், காலில் இரத்தம் கட்டுகிற ஆபத்தும் கூடும். மாமியை எதிர்த்து மருமகள் தண்ணி கேட்கமாட்டாள். மிட்வைஃப் சொன்னால் மாமி செம்பை நிரப்பிக் கொண்டுவந்து வைப்பா. பதியாவிட்டால் பிள்ளை பிறந்த சங்கதியே மிட்வைஃபுக்குத் தெரியாமல் போகலாம். ஒரே ஆள் இரண்டு பிரிவு பார்க்கிற இடங்களும் உண்டு. வெற்றிடம் நிரப்பாமல் அறிக்கை மட்டும் கேட்கிறவர்களுக்கு அந்த வெயிலில் ஸ்கூட்டி ஓடிப் பார்த்தால் தெரியும்.

இனி அந்த 25,000. கொடுக்காதீர்கள்.

லேபர் றூமில் தாதியரும் மிட்வைஃப்மாரும் காலை, பின்னேரம், இரவு என்று முறை வைத்து வேலை செய்கிறார்கள். முறையைப் போடுவது பொறுப்புச் சகோதரி. உங்கள் மனைவிக்கு எந்த நாள் எத்தனை மணிக்குக் குத்து வரும் என்று கடவுளுக்கே தெரியாதபோது, அந்த நேரத்தில் இந்த நேர்ஸ் நிற்பா என்று இவர் எப்படிச் சொல்கிறார்? பெரும்பாலான பேறு சுகப் பிரசவம்தான். எல்லாம் நல்லபடி முடிந்ததும் “நான் சொல்லி வைத்தபடியால்தான்” என்பார். ஸ்ரேசனில் நிற்கப்போகிற ரயிலுக்குக் கை காட்டிவிட்டு நான்தான் மறித்தேன் என்கிற கதை. பிழைத்துப்போனால் ஃபோன் வேலை செய்யாது. கனடாவிலிருந்து காசு வருகிற வீடு என்று மணந்தறிந்துதான் இவர்கள் வருகிறார்கள். அந்த நேர்ஸுக்கே இவரைத் தெரியாமலும் இருக்கும். அவவின் பெயர்தான் கெடுகிறது.

காசு கொடுக்காமலே சிக்கலில்லாத பேற்றைப் பார்ப்பது லேபர் றூம் தாதியரும் மிட்வைஃப்மாரும்தான். பிள்ளையின் இதயத் துடிப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவதும், ஏதும் பிசகினால் டொக்டரைக் கூப்பிடுவதும் அவர்கள் வேலை. மனைவி தனியாக இருக்கப் பயந்தால், துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடுவார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். விடுகிற வாட்டுகள் உண்டு. அதேபோல, பேற்றுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கவார்க்க “ட்ரெயினிங் எடுத்த நேர்ஸ்” என்று யாரும் வந்தால் பதிவு இலக்கம் கேளுங்கள். தாதியர் தாதியர் சபையிலும், மருத்துவ மாதர் மருத்துவச் சபையிலும் பதிந்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை கடையில் வாங்கலாம்.

நெடுந்தீவு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். பதிகிறது இருக்கிற இடத்தில், ஆகவே இப்போது கொக்குவில். தாய் வீட்டுக்குப் போனால் இந்த மிட்வைஃபிடம் சொல்லிவிட்டு, அட்டையோடு போய் அங்குள்ள மிட்வைஃபிடம் காட்ட வேண்டும். எந்தத் தாய் வீட்டுக்கும் இதுதான் முறை. ஆனால் தீவுக்கு இது போதாது. அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, சிசேரியன் செய்ய வசதியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இரத்தம் பட்டால், தலையிடியோடு கண் மங்கினால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தண்ணிக்குடம் உடைந்தால் உடனே போக வேண்டும்; படகில் குறிகட்டுவான் துறைக்கு வந்து சேரவே ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அங்கிருந்து ரவுணுக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே ஏழாம் மாதத்தில் போய் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும். கடைசி மாதம் மனைவியின் தாயைக் கொக்குவிலுக்குக் கூப்பிடுங்கள். அவவின் ஆடு, கோழியைப் பார்க்க யாரும் இல்லையென்றால் அதற்கு ஓர் ஆளைப் பிடியுங்கள். 25,000இல் கொஞ்சம் அதற்குப் போகட்டும்.