நாட்டு இறால் முட்டை சுமக்கிறது, குஞ்சு தங்கவில்லை: என்ன காரணம்?

கேள்வி: வீட்டுக்கு அருகே ஓடும் ஓடையில் பிடித்த 15 சிறு இறால்களை 40 லிட்டர் மீன்தொட்டியில் சில மாதங்களாக வளர்த்து வருகிறேன். பெரியவை நன்றாக இருக்கின்றன. பெண் இறால்கள் இருமுறை வயிற்றின் கீழ் முட்டை சுமந்தன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் முட்டைகள் மறைந்துவிட்டன. ஒரு குஞ்சைக்கூடப் பார்க்க முடியவில்லை. தண்ணீரில் தாதுச்சத்து போதவில்லை என்று சொல்லி விற்பனையாளர் ஒருவர் ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்தார். அதற்கும் பலன் இல்லையென்றால் தம்மிடம் உள்ள சினை இறால்களை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். புட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் தொட்டியில் ஊற்ற வேண்டாம். தாதுச்சத்துக் குறைவு முதலில் தாக்குவது தோலுரிக்கும் பெரிய இறால்களைத்தான். பழைய ஓட்டிலிருந்து வெளியே வர முடியாமல், தலைப்பகுதிக்கும் வயிற்றுப்பகுதிக்கும் நடுவே வெள்ளை வளையம் தோன்றி, அவை ஒவ்வொன்றாகச் செத்திருக்கும். உங்கள் இறால்களோ மாதக்கணக்கில் தோலுரித்து, இணைசேர்ந்து, முட்டையைக் கடைசிவரை சுமந்திருக்கின்றன. அப்படியென்றால் தண்ணீரைக் குறை சொல்ல இடமில்லை. முட்டைகள் பெரும்பாலும் பொரித்திருக்கின்றன. பொரித்தவைதான் உயிர் பிழைக்கவில்லை. ஏன் பிழைக்கவில்லை என்பதற்கான விடை முட்டையின் அளவில் இருக்கிறது. விற்பவர்களில் பலர் அந்த அளவைப் பற்றி வாயே திறப்பதில்லை.

அடுத்த முறை ஒரு பெண் இறால் சினையாகும்போது, அதைத் தொட்டித் தண்ணீரோடு சிறு கண்ணாடிப் பாத்திரத்தில் முகந்து எடுத்துக்கொள்ளுங்கள். வலையால் அள்ளினால் அதிர்ச்சியில் முட்டைகளை உதறிவிடக்கூடும். பாத்திரத்தின் பின்னால் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வயிற்றுக்கடியில் உள்ள நீந்து கால்களை அது ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும். அந்த அசைவுக்கு நடுவே முட்டைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா, கசகசாவை அப்பி வைத்ததுபோல் ஒரே திரளாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேலாக, எண்ணிவிடக்கூடிய அளவில் சில பத்துகள் மட்டும் இருந்தால் அது பெரிய முட்டை இனம். அரை மில்லிமீட்டரை ஒட்டி, நூற்றுக்கணக்கில் அல்லது ஆயிரத்தைத் தாண்டி இருந்தால் அது சிறிய முட்டை இனம். பொரிக்கும் நாள் நெருங்கும்போது முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். அவை குஞ்சின் கண்கள். அந்தப் புள்ளிகள் தோன்றிய பிறகு முட்டைகள் மறைந்தால் பொரித்துவிட்டன என்று கொள்ளலாம். தோன்றுவதற்கு முன்பே உதிர்ந்தால், பெரும்பாலும் திடீரென்று ஏராளமாகத் தண்ணீர் மாற்றியதாலோ அச்சத்தாலோ தாய் கைவிட்டிருக்கும்.

பெரிய முட்டை இனங்களில் குஞ்சு தாயின் சிறு வடிவமாகவே வெளியே வரும். முதல் நாளே பாசியின் மேல் உட்கார்ந்து மேயத் தொடங்கிவிடும். கடைகளில் செர்ரி இறால் என்று விற்கப்படும் நியோகாரிடினா இந்த வகைதான். அது ஒரு முறைக்கு 20 முதல் 50 முட்டைகள் வரை சுமந்து, மூன்று நான்கு வாரங்களில் பொரிக்கும். சிறிய முட்டை இனங்களில் வெளியே வருவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத, தலைகீழாக மிதக்கும் லார்வா. இயற்கையில் ஓடை அதைக் கழிமுகத்துக்கும் கடலுக்கும் அடித்துச் செல்லும். அங்கே பல நிலைகளைக் கடந்து இறாலாக உருமாறிய பிறகு அது ஆற்றை எதிர்த்து மேலேறி வரும். நன்னீரிலேயே நின்றுவிட்டால் சில நாள்களில் செத்துப்போகும். நீங்கள் எத்தனை புட்டி ஊற்றினாலும் அது பிழைக்காது, ஏனென்றால் அதற்குத் தேவை உப்பு.

இதில் உங்கள் கவனக்குறைவு எதுவும் இல்லை. உணவுக்காக வளர்க்கப்படும் பெரிய நன்னீர் இறாலான மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியின் பெரிய பெண் ஒரு முறைக்கு 80,000 முட்டைகளுக்கு மேல் சுமக்கும். அதன் லார்வாக்களை வளர்க்கும் வழி நெடுங்காலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1961இல் மலேசியாவின் பினாங்கில் ஷாவோ வென் லிங் என்ற அறிவியலாளர்தான் அவற்றுக்கு உவர்நீர் தேவை என்று கண்டறிந்தார். பாசி தின்னும் இறால் என்று பெயர் பெற்ற அமானோ இறாலும் சிறிய முட்டை இனமே. ஜப்பானியத் தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ 1980களில் அதைப் பரப்பிய பிறகு உலகமெங்கும் வீட்டுத் தொட்டிகளில் அது வாழ்கிறது. ஆனாலும் நன்னீர்த் தொட்டி எதிலும் அது தானாகப் பெருகுவதில்லை.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்களின் வியாபாரம் நடக்கிறது. ஓடையிலிருந்து அள்ளிவந்த சினை இறால்களை 'எங்கள் தொட்டியில் பிறந்தவை, இனப்பெருக்கத்துக்குத் தயார்' என்று சொல்லி விற்பார்கள். வயிற்றில் முட்டையைப் பார்த்ததும் வாங்குபவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. முட்டை மறைந்ததும் ஒரு புட்டி, புட்டி பலிக்காவிட்டால் இன்னொரு ஜோடி என்று வரவு தொடர்கிறது. தம் தொட்டியில் பிறந்தவை என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று எல்லா வயதுக் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் காட்ட முடியுமா?' வீட்டில் பெருகும் இறால் என்றால் எல்லா அளவும் ஒன்றாகத்தான் இருக்கும். எல்லாம் ஒரே பருமனில், பாதிக்குமேல் சினையாக இருந்தால் அது வலையில் வந்த சரக்கு. அப்படிப்பட்ட சரக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய நீண்ட இடுக்கிக் கால்கள் கொண்ட மேக்ரோபிராக்கியம் இனங்களின் குட்டிகள் சிறு இறால்களோடு கலந்து வந்துவிடும். முதலில் வேறுபாடு தெரியாது. வளர்ந்ததும் அருகில் இருப்பவற்றைப் பிடித்துத் தின்னும். இரண்டாவது ஜோடிக் கால்கள் உடல் நீளத்தை எட்டும் அளவுக்கு வளர்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் உடனே தனித்தொட்டிக்கு மாற்றுங்கள். வளர்ப்புக்கு உகந்த சிறு இறால்களின் இடுக்கி நுனியில் தூரிகைபோல் முடிக்கற்றை இருக்கும். அதனால்தான் பாசிப் படலத்தை வழித்து வாயில் போட முடிகிறது.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டு இறால் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இரு பக்கமும் ஏமாறுகிறார்கள். மிதக்கும் லார்வாவைப் பெறுகிற எல்லா இனங்களுக்கும் உப்பு தேவைப்படுவதில்லை. கிழக்கு ஆஸ்திரேலிய ஓடைகளில் வாழும் பாராட்டியா ஆஸ்திரேலியென்சிஸ் லார்வாவாகத்தான் பொரிக்கிறது. ஆயினும் மலை ஓடைகளில் அது முழு வளர்ச்சியையும் நன்னீரிலேயே முடித்துக்கொள்கிறது. வட அமெரிக்காவின் கண்ணாடி இறாலும் அப்படியே. இத்தகைய இனத்தை உப்புநீரில் போடுவதும், உப்பு தேவைப்படுவதை நன்னீரில் விடுவதும் ஒரே அளவு தவறு. உங்கள் இனம் எந்தப் பக்கம் என்பதை ஓடையைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். கடலோடு தொடர்பே இல்லாத ஏரியிலோ உள்நாட்டு நீர்நிலையிலோ, மிகச் சிறிய குஞ்சுகள் உட்பட எல்லா அளவிலும் இறால்கள் தென்பட்டால் அந்த இனத்துக்குக் கடல் வேண்டியதில்லை. கடலுக்குப் போகும் ஆற்றில் ஓரளவு வளர்ந்தவை மட்டுமே தென்பட்டால் கடல் வேண்டியிருக்கலாம். ஆனால் அருவிக்கு மேலே பிடித்தேன், ஆகவே உப்பு தேவையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். கடலிலிருந்து திரும்பும் சிறு இறால்கள் ஈரப் பாறையில் நடந்தே அருவியைத் தாண்டும் திறன் பெற்றவை. ஐயம் தீரவில்லையென்றால் பொரித்த லார்வாக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் பச்சை நிறமான பாசித் தண்ணீர் கலந்த நன்னீரிலும் மறு பாதியைப் பாதிக் கடல்நீர் அளவு உப்பிலும் விட்டுப் பாருங்கள். எந்தப் பாத்திரத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகும் அவை துள்ளுகின்றனவோ அதுவே உங்களுக்கான விடை.

உப்பு வழி என்று தெரிந்தால் தாயைக் கண்புள்ளி தோன்றிய நாளிலேயே சிறு பெட்டிக்கு மாற்றுங்கள். பொரித்த லார்வாக்கள் வெளிச்சத்தை நோக்கி நீந்தும். இருட்டில் ஒரு மூலையில் டார்ச் வைத்தால் அங்கே புகைபோல் திரளும், அங்கிருந்து குழாயால் உறிஞ்சி எடுக்கலாம். சமையல் உப்பைப் பயன்படுத்த வேண்டாம். மீன்தொட்டிக்கென்று விற்கப்படும் கடல் உப்பு வேண்டும். முழுக் கடல்நீர் என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். ரோசன்பெர்கி லார்வாவுக்கு லிட்டருக்கு 12 கிராம் அளவு போதும். அமானோ இறாலை வளர்ப்பவர்கள் அதைவிடக் கூடுதலாக, முழுக் கடல்நீரை நெருங்கும் அளவில் வைக்கிறார்கள். தீனிக்கு நுண்பாசியும் மெல்லிய காற்றுக் குமிழும் வேண்டும். வடிகட்டி கூடாது. ஒரு மாதத்துக்கும் மேல் நீளும் வேலை இது. லார்வா உருமாறித் தரையில் நடக்கத் தொடங்கியதும் மெதுவாக நன்னீருக்குக் கொண்டுவர வேண்டும். முதல் முறையில் ஒரு சிலவே தேறினாலும் அது நல்ல விளைச்சல்தான்.

பெரிய முட்டை இனம்தான் என்று தெரிந்தால் குஞ்சுகள் பலியாகும் வழிகளை அடைத்துவிடுங்கள். தொட்டியில் எந்த மீனும் வேண்டாம். சிறு மீனும் குஞ்சைத் தின்னும். உறிஞ்சும் வடிகட்டியை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். கண்ணாடியைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம், குஞ்சின் உணவே அந்தப் பாசிப் படலம்தான். இறாலைக் கொல்லும் இரண்டு நஞ்சுகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஒன்று கொசுவை விரட்டும் திரவமும் சுருளும். அவற்றில் உள்ள பூச்சிக்கொல்லி இறாலுக்கும் பூச்சிக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை, ஏர் பம்ப் அதைத் தண்ணீருக்குள்ளேயே தள்ளிவிடும். மற்றொன்று செம்பு. இறாலின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு கொண்ட பொருள்தான் என்றாலும், தண்ணீரில் கரைந்த செம்பு அதற்குக் கடும் நஞ்சு. மீனின் வெண்புள்ளி நோய்க்கும் நத்தைகளைக் கொல்வதற்கும் விற்கப்படும் மருந்துகள் பலவற்றில் மயில்துத்தம் இருக்கிறது. மீன் மருந்து என்பதால் மூலப்பொருள் பட்டியலை முழுமையாக அச்சிடாமலே விற்றுவிடுகிறார்கள். அதைக் கட்டாயப்படுத்த வேண்டியவர்களுக்கு இறால் செத்தால் என்ன நட்டம்? பட்டியல் இல்லாத எந்தப் புட்டியும் இறால் தொட்டிக்குள் போகக் கூடாது. உங்களிடம் உள்ள புட்டியில் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஓடையிலிருந்து பிடிப்பதற்கு அனுமதி வேண்டுமா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்; காப்பு நிலங்களிலும் பல நீர்நிலைகளிலும் வேண்டும். இதில் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அனுமதிப் படிவம் இனத்தின் அறிவியல் பெயரைக் கேட்கும். பெயர் அறிய இறாலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்குப் பிடிக்க வேண்டும். பிடிக்க அனுமதி வேண்டும். உணவு இறாலுக்குக் கையேடுகள் அடுக்கடுக்காக உள்ளன. இரண்டு சென்டிமீட்டர் நாட்டு இறாலுக்கு, சாதாரண மனிதர் படித்து அடையாளம் காணும்படி ஒரு பக்கம் எழுதத்தான் யாருக்கும் நேரமில்லை. ஆனாலும் எழுத்தில் கேட்டுவிட்டுப் பிடிப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

குஞ்சுகள் பெருகிவிட்டால் மிச்சத்தை ஆற்றில் விடச் சொல்லும் நல்லெண்ணக்காரர்கள் வருவார்கள். அதையும் செய்ய வேண்டாம். நாட்டு இனம்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. 1993இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மேலே சொன்ன பாராட்டியா இறாலையே ஆய்வுக்காக ஓர் ஓடையிலிருந்து அண்டை ஓடைக்கு மாற்றி விட்டார்கள். ஓரிடத்தில் உள்ளூர்ப் பெண்கள் வந்தேறி ஆண்களோடு சேரத் தலைப்பட்டதால், ஏழு தலைமுறைக்குள் அங்கே பூர்வீகமாக வாழ்ந்த மரபுவழி அற்றுப்போயிற்று. பார்வைக்கு இரண்டும் ஒரே இறால்தான். உங்கள் விற்பனையாளரின் சினை இறால்கள் எந்த ஓடையிலிருந்து வந்தன என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவற்றை வாங்கி உங்கள் தொட்டியில் கலந்துவிட்டால், பிறகு உங்கள் ஓடையின் இறால் எது என்று பிரித்தெடுக்க வழியில்லை. இருக்கும் 15 இறால்களே போதும். அடுத்த சினைக்குக் காத்திருந்து, முதலில் அளவுகோலை வைத்து முட்டையை அளந்து பாருங்கள்.